வாகனக் காப்புறுதி: சாரதிமார் கேட்கும் வினாக்கள்

(எமது இளைஞர் மன்றத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழக விடுமுறையில் ஊருக்கு வந்த எம்மை மன்றச் செயலாளர் பிடித்துக்கொண்டு, "ஏதாவது பேசும்" என்றார். சமயத்தையோ இலக்கியத்தையோ எடுத்துப் பேசலாமென்று எண்ணியிருந்தோம். அவர் விடவில்லை. "அவற்றைப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போக வண்டி பிடிக்க வேண்டும். போன முறை ட்ரக்டர்காரர் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு எங்களில் ஒருவருக்கும் மறுமொழி தெரியவில்லை. அதைப் படித்துக்கொண்டு வந்து சொல்லும்" என்றார். ஆகவே இன்று உங்கள்முன் நிற்பவர் சட்டத்தரணியுமல்லர், காப்புறுதி முகவருமல்லர். சந்தியிலும் கராச்சிலும் உங்களில் பலர் கேட்ட வினாக்களைக் குறித்து வைத்து, விடை தேடிப் படித்த ஒரு மாணவர் மாத்திரமே.

காப்புறுதி நம் கடற்கரைக்குப் புதியதன்று. நாம் நிற்கும் இந்தச் சிலாவத்துறையும், பக்கத்திலுள்ள கொண்டச்சியும், ஆளுநர் பிரெடரிக் நோர்த் தமக்கென மாளிகை எழுப்பிய அரிப்பும் முத்துக்குளிப்பால் உலகறிந்த இடங்கள். குளிகாரர் கடலில் இறங்குமுன் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரவாதிகள் இருந்தனர். கடற்கட்டிகள் என்பது அவர்களின் பெயர். அவர்கள் கரையில் நின்று மந்திரம் ஓதுவர். அதற்குக் கூலியும் பெறுவர். கடற்கட்டி இல்லாவிட்டால் எந்தக் குளிகாரனும் இறங்கமாட்டான். 1803 இல் இலங்கையைப் பற்றி நூலெழுதிய றொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி ஒரு சம்பவத்தைக் கூறுகிறார். ஒருமுறை சுறா ஒன்று குளிகாரனொருவனின் காலைக் கொண்டுபோய்விட்டது. தலைமைக் கடற்கட்டியை அழைத்து விளக்கம் கேட்டார்கள். அவர் சற்றும் கலங்காமல், மலையாளக் கரையிலிருந்து பொறாமை பிடித்த கிழவி ஒருத்தி வந்து எதிர்மந்திரம் செய்துவிட்டாள், அதனாலேயே தம்முடைய கட்டு அவிழ்ந்தது, இனி அப்படி நடவாது என்று மறுமொழி சொன்னாராம். கோரிக்கையை நிராகரிக்கும் கலை இந்தக் கரையில் எவ்வளவு பழையது என்பதைப் பாருங்கள்!

ஆனால் ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். கடற்கட்டி சுறா வராது என்று வாக்களித்தார். காப்புறுதி அப்படி ஒரு வாக்கும் தருவதில்லை. விபத்து வரும் என்று ஒப்புக்கொண்டு, வந்தபின் அந்தப் பாரத்தை ஒருவர் தலையில் மட்டும் விடாது பலர் தலையில் பகிர்வதே அதன் தொழில். நம் ஊர்களிலுள்ள மரண சகாய சங்கத்துக்கு இது நெருங்கிய உறவு. மாதம் தோறும் ஒவ்வொரு வீட்டாரும் சிறு பணம் கட்டுகிறோம். எந்த வீட்டில் பறை முழங்குகிறதோ அந்த வீட்டுக்குப் பந்தலும் கதிரையும் பணமும் போகின்றன. "நான் இருபது வருடம் கட்டினேன், எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று அங்கே யாரும் குறைப்படுவதில்லை. வாகனக் காப்புறுதியில் மட்டும் அந்தக் குறையை அடிக்கடி கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது அடுத்த விடயம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் உள்ளது. மூன்றாம் தரப்பு ஆபத்துக்கான காப்புறுதி இன்றிப் பெருந்தெருவில் எந்த மோட்டார் வாகனத்தையும் பாவிக்கலாகாது என்று அதன் 99 ஆம் பிரிவு கூறுகிறது. மகிழுந்து, ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் இதற்குள் அடங்கும். பிரித்தானியாவில் இதே கட்டாயம் 1930 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தால் வந்தது. இந்தியா 1939 இல் தன் சட்டத்தில் இதைச் சேர்த்துக்கொண்டது.

மூன்றாம் தரப்பு என்றால் யார்? முதல் தரப்பு வாகனச் சொந்தக்காரர். இரண்டாவது தரப்பு கும்பனி. இந்த இருவரோடும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லாமல், தன்பாட்டில் தெருவோரம் நடந்துபோய் அடிபட்டவரே மூன்றாம் தரப்பு. எமக்கு இதை நினைக்கும்போதெல்லாம் எல்லாளனின் கதை ஞாபகம் வருகிறது. மகாவம்சம் கூறும் கதைதான். அநுராதபுரத்தில் எல்லாளனின் மகன் திசாவாவிக்குத் தேரில் போகையில், தாய்ப்பசுவோடு வழியில் கிடந்த கன்று சில்லில் அகப்பட்டு மாண்டது. பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் அதே சில்லால் மகனின் தலையை அரிவித்தான். திருவாரூர் மனுநீதிச் சோழனைப் பற்றியும் இப்படியே சொல்கிறோம். அந்த அநுராதபுரத்தைத் தொட்டு வரும் மல்வத்து ஓயாதான் நம்மிடத்தில் அருவியாறு என்ற பெயரோடு அரிப்புப் பக்கத்தில் கடலோடு கலக்கிறது. ஆதலால் கதை நமக்கு அயலூர்க் கதையன்று. நீதி பெரிது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தாய்ப்பசுவுக்கு அதனால் என்ன கிடைத்தது? இரண்டு வீட்டில் இழவு விழுந்ததே மிச்சம். இன்றைய சட்டம் சாரதியின் தலையைக் கேட்காமல், அடிபட்டவரின் குடும்பம் பிழைக்க வழி கேட்கிறது. சாரதி ஏழையாயிருந்தாலும் அந்தப் பணம் வந்து சேரவேண்டும் என்பதற்காகவே காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. ஆகையினால் "என்னுடைய வண்டிக்கு ஒன்றும் கிடைக்காதாம், பின் எதற்குக் கட்டுவது?" என்று கேட்பவர்களுக்கு விடை இது: கட்டாயக் காப்புறுதி உங்கள் வண்டிக்காக ஏற்பட்டதே அன்று. அது தெருவில் நடப்பவருக்காக ஏற்பட்டது.

இனி நம் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். உங்களிற் பலர் அறிவீர்கள்.

ஒரு மாலை, நண்பரொருவரின் மோட்டார் சைக்கிளில் அரிப்பு வீதியால் வந்துகொண்டிருந்தோம். நாம் பின்னாசனத்தில் இருந்தோம். வளைவில் வெயில் கண்ணில் அடித்தது. கருவாட்டுப் பெட்டியோடு கரையோரம் நடந்துவந்த ஒரு தாயார்மேல் வண்டி மோதிவிட்டது. உயிருக்குச் சேதமில்லை. தொடையெலும்பு முறிந்தது. வழியில் வந்த ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தச் சாரதி ஒரு சதமும் வாங்க மறுத்துவிட்டார். மிஷன் பாடசாலையில் படித்த காலத்தில் நல்ல சமாரியன் கதையை எத்தனையோ முறை ஒப்புவித்திருக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்திற் சேர்த்து, இரண்டு பணம் கொடுத்து, மேற்செலவையும் தானே தருவேன் என்று போனவனை அன்றுதான் கண்ணாற் கண்டோம்.

வண்டியின் காப்புறுதி அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன் முடிந்திருந்தது. அன்று காலையிலேயே பத்திரத்தைப் பார்த்தோம். நண்பர் "புதுப்பிக்கவேண்டும்" என்றார். "இந்தக் கிழமை போகட்டும், சம்பளம் வந்தபின் கட்டலாம்" என்று சொன்னது நாமே. மூன்றாம் தரப்புக் கட்டணம் மோட்டார் சைக்கிளுக்கு ஓரிரு நாட்கூலிக்குள் அடங்கும் காரியம். அந்தக் கட்டணம் இல்லாமற் போனதால், நண்பரின் தகப்பனார் தம் வள்ளத்து இயந்திரத்தை விற்கவேண்டியதாயிற்று. பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்த தொகை அந்தத் தாயாரின் ஆறுமாத வைத்தியத்துக்கும் காணவில்லை. அவர் இன்றும் தடியூன்றி நடக்கிறார். இரு குடும்பமும் தூரத்து உறவு. இப்போது ஒருவர் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு மற்றவர் போவதில்லை. நண்பர் கட்டாரில் வேலை செய்கிறார். இந்தப் பேச்சை ஒப்புக்கொண்டதற்குச் செயலாளரின் வற்புறுத்தல் பாதிக்காரணம், மீதிக்காரணம் இது.

ஆகவே முதல் வினாவுக்கு, அதாவது "இரண்டு மூன்று நாள் பிந்தினால் பரவாயில்லையா?" என்பதற்கு, எம்மிடம் விடை ஒன்றுதான் உண்டு. சான்றிதழில் எழுதிய திகதி முடிந்தால் காப்பு முடிந்தது. அதன்பின் சலுகை நாள் உண்டென்று எண்ணி வண்டியை எடுக்கவேண்டாம். பொலிஸாரிடம் அகப்பட்டால் குற்றப்பணம் வேறு. 2016 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்ட உரையிற் காப்புறுதியின்றி ஓட்டுதல் உட்பட ஏழு குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் முன்மொழியப்பட்டதும், தனியார் பஸ் உரிமையாளர் வேலைநிறுத்தம் செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். தண்டம் பெரிதுதான். ஆனால் வள்ளத்து இயந்திரத்தோடு ஒப்பிட்டால் அது சிறிது.

முசலிப் பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது காப்புறுதிச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அதனால் பலர் இரண்டையும் ஒன்றென நினைக்கின்றனர். இரண்டும் வேறு. இரண்டின் முடிவுத் திகதியும் வேறாக இருக்கலாம். கண்ணாடியில் ஒட்டிய வரிப்பத்திரம் செல்லுபடியாக இருக்கிறது என்பதால் காப்புறுதியும் இருக்கிறது என்று கொள்ளக்கூடாது.

"தேட் பாட்டி போதுமா, புல் இன்சூரன்ஸ் வேண்டுமா?" இது ஓட்டோச் சகோதரர்கள் எல்லோரும் கேட்ட வினா. சட்டத்துக்கு மூன்றாம் தரப்பே போதும். முழுக் காப்புறுதி என்பது அதனோடு உங்கள் சொந்த வண்டியின் சேதம், தீ, களவு முதலியவற்றையும் சேர்த்தது. லீசிங்கில் எடுத்த வண்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் முழுக் காப்புறுதியை வற்புறுத்துவார்கள். வண்டி போய்விட்டால் அவர்கள் பணமும் போகும் அல்லவா? கடன் முடிந்த பழைய வண்டியாயின், அது போனால் இன்னொன்று வாங்க உங்கள் கையில் வழியுண்டா என்று உங்களையே கேளுங்கள். ஒரே ஓட்டோவில் ஒரு குடும்பம் சாப்பிடுகிறதென்றால் அந்த ஓட்டோ இன்னும் கொஞ்சம் காப்புக்குத் தகுதியானதே. வீட்டில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளுக்கு முழுக் காப்புறுதி வேண்டியதில்லை என்பது எம் அபிப்பிராயம்.

கட்டணம் ஏன் ஆளுக்காள் வேறுபடுகிறது என்றும் கேட்டார்கள். வண்டியின் பெறுமதி, வகை, வயது, வாடகைக்கு ஓடுகிறதா சொந்தப் பாவனையா, மேலதிகமாக எவற்றைச் சேர்த்தீர்கள் என்பனவெல்லாம் சேர்ந்தே தொகை வருகிறது. அதற்குமேல் வரி. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. 1964 இல் பொதுக் காப்புறுதி முழுவதும் அரச கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தபோது விலை பேச இடமிருக்கவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் தனியார் கும்பனிகள் மீண்டும் வந்தன. இப்போது குறைந்தது மூன்று இடத்தில் விலை கேட்டுப் பார்க்கலாம். வட்டி பற்றிய தயக்கமுள்ள முஸ்லிம் நண்பர்களுக்குத் தகாபுல் முறையும் உண்டு. ஒரு வருடம் கோரிக்கை ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்த வருடக் கட்டணத்திற் கழிவு கிடைக்கும். நோ கிளெய்ம் போனஸ் என்பது அதுவே. பக்கக் கண்ணாடி உடைந்ததற்கு நாலாயிரம் ரூபா கோரி, அந்தக் கழிவில் பத்தாயிரத்தை இழப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். சிறு சேதத்துக்கு முதலில் கணக்குப் பாருங்கள்.

கட்டணத்தைக் குறைக்க ஒரு தந்திரம் ஊரில் நடக்கிறது. வண்டியின் பெறுமதியைக் குறைத்துச் சொல்வது! இதை விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இதில் ஏமாறியவர்கள் அதிகம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. இடையில் பழைய வண்டிகளின் விலை ஏறியது, 2022 இன் நெருக்கடியோடு உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. ஆனால் பலரின் காப்புறுதிப் பத்திரத்தில் பழைய பெறுமதியே கிடக்கிறது. உதாரணமாக ஒரு வான் இன்று 40 இலட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர் 20 இலட்சத்துக்கே காப்புறுதி செய்திருக்கிறார். விபத்தில் 4 இலட்சம் சேதம். 20 இலட்சத்துக்குள் இருக்கிறதே, முழுவதும் கிடைக்கும் என்று அவர் நினைக்கிறார். கும்பனியோ, "நீர் பாதிப் பெறுமதிக்கே காப்புறுதி செய்தீர், மற்றப் பாதிக்கு நீரே காப்புறுதியாளர்" என்று 2 இலட்சமே தரும். ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனை எழுதியிருந்தால் அதில் வழக்காட இடமில்லை. கூட்டிச் சொல்வதாலும் பயனில்லை. 40 இலட்ச வானுக்கு 60 இலட்சம் எழுதினாலும் சந்தைப் பெறுமதிக்குமேல் ஒரு சதமும் வராது, கட்டணம் மட்டும் ஏறும். ஆகவே வருடந்தோறும் புதுப்பிக்கும் நாளில் "இன்று இந்த வண்டி என்ன விலை போகும்?" என்று கராச்சில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நன்று.

"வேறொருவர் ஓட்டினால்?" சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளவரா, அந்த வகை வண்டிக்கு உரியதா என்பதே முக்கியம். தம்பியிடம் திறப்பைக் கொடுத்து "சந்திவரை போய் வா" என்று அனுப்புகிறோமே, அந்தத் தம்பிக்குப் பத்திரம் இல்லாவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கும்பனி கைவிரிக்கும். கும்பனிக்கும் சொந்தக்காரருக்குமிடையேயுள்ள சிலவகைப் பிணக்குகள் அடிபட்டவரைப் பாதிக்காதபடி சட்டம் காத்திருக்கிறது. தீர்ப்புத் தொகையைக் கும்பனி கட்டிவிட்டு, அதைச் சொந்தக்காரரிடம் அறவிடலாம். அப்போதும் வள்ளத்து இயந்திரமே விலைப்படும்.

பெயர் மாற்றாமல் திறந்த பத்திரத்தில் வண்டி வாங்கி ஓடுபவர்களும் கேட்டார்கள். வண்டி உங்கள் கையில், காப்புறுதி பழைய சொந்தக்காரர் பெயரில். சேதம் வந்த நாளில் நீங்கள் யார் என்று கும்பனி கேட்கும். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பெயரை மாற்றுங்கள்.

இனி ஆடுமாடும் கழுதையும். மன்னார்ப் பாலத்தைக் கடந்து தீவுக்குள் இரவில் போனவர்களுக்குத் தெரியும், கழுதைகள் தாரின் சூட்டுக்கு நடுத்தெருவிற் படுத்திருக்கும். அவற்றுக்குச் சொந்தக்காரர் இல்லை. அடிபட்ட கழுதைகளுக்கென்று மன்னாரில் 2017 இல் ஒரு வைத்திய நிலையமே திறந்தார்கள் என்றால் பாருங்கள்! மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவர் கழுதையில் மோதினால் வண்டிச் செலவை அவரே ஏற்கவேண்டியதுதான், கழுதையிடம் அறவிட முடியாது. முழுக் காப்புறுதி உள்ளவருக்கு வண்டிச் சேதம் கிடைக்கும். மாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. அதனால் வழக்கு இருபக்கமும் போகும். மாடு இறந்ததற்கு அவர் உங்களைக் கேட்பார். மாட்டைத் தெருவில் விட்டதற்கு நீங்கள் அவரைக் கேட்பீர்கள். மாடு சொத்து. பிறர் சொத்துக்கு வரும் சேதத்துக்கு ஒப்பந்தத்தில் ஓர் எல்லை எழுதியிருக்கும். அந்த எல்லையை ஒருமுறை வாசித்துவிடுங்கள். மாட்டுக்கு அது போதும். அடுத்தவரின் புது வானில் இடித்தால் போதாமற் போகலாம்.

வெள்ளம் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. இயற்கை அனர்த்தம் எல்லா ஒப்பந்தத்திலும் தானாகச் சேர்ந்திருப்பதில்லை. கேட்டுச் சேர்க்கவேண்டும். வண்டி நீரில் நின்றுபோனால், நீர் வடிந்ததும் ஆவலில் திறப்பைத் திருகி எஞ்சினை இயக்கவேண்டாம். எஞ்சினுக்குள் நீர் புகுந்து கம்பி வளைந்தால், அது வெள்ளத்தால் வந்த சேதமன்று, உம்மால் வந்தது என்பார்கள். இழுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பும் இப்படித் தனியே சேர்ப்பதே. அதற்கென 1987 இல் அரசாங்கம் ஆரம்பித்த நிதியம் இப்போது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2022 மே 9 இல் நாடெங்கும் வண்டிகள் எரிந்தபோது, அந்தச் சிறு மேலதிகக் கட்டணத்தைக் கட்டியிருந்தவரும் கட்டாதவரும் வேறு வேறு நிலையில் நின்றார்கள். 1990 இலும் 2007 இலும் வண்டி வாகனம் யாவும் விட்டு ஓடிய இந்த ஊருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

விபத்து நடந்துவிட்டால் செய்ய வேண்டியது என்ன? வண்டியை நிறுத்துங்கள். அடிபட்டவரைப் பாருங்கள். பெயரும் விலாசமும் கொடுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இவை சட்டக் கடமைகள். காப்புறுதிச் சான்றிதழில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அந்த இடத்திலிருந்தே அழையுங்கள். மதிப்பீட்டாளர் வருமுன் வண்டியைத் திருத்தக் கொடுக்கவேண்டாம். கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருக்கிறது, நாலு படம் எடுத்து வைப்பதில் செலவில்லை. ஆத்திரத்திலோ பயத்திலோ "எல்லாம் என் பிழை, நானே கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அடிபட்டவரை ஏமாற்றச் சொல்லவில்லை. அப்படி எழுதிக் கொடுத்தால் கும்பனி விலகிக்கொள்ளும். பின் கட்ட உங்களிடம் இராது. அடிபட்டவருக்கும் கிடையாது.

அடிபட்டவர் பக்கத்தையும் சொல்லவேண்டும். நாம் எல்லோரும் எப்போதும் சாரதியாயிருப்பதில்லை. பொலிஸ் வழக்கில் நீதவான் விதிக்கும் தண்டம் அரசுக்குப் போகும். நட்டஈடு வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றத்தில் தனியே வழக்கிடவேண்டும். அதற்கு இரண்டு வருடமே தவணை. வழக்குத் தொடங்குமுன், அல்லது தொடங்கி ஏழு நாட்களுக்குள், கும்பனிக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. இதைத் தவறவிட்டால் தீர்ப்பு இருந்தும் கும்பனியிடம் பணம் பெற முடியாது. எத்தனை ஏழைக் குடும்பங்கள் இந்த ஏழு நாளை அறியாமல் இழந்திருக்குமோ! ஆகவே சட்டத்தரணியிடம் போகும் முதல் நாளிலேயே வண்டியின் இலக்கத்தையும் கும்பனியின் பெயரையும் கொண்டுபோங்கள். அடித்த வண்டி எதுவெனத் தெரியாமல் ஓடிவிட்டால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈடு கேட்கும் வழியுண்டு. நாம் கட்டும் மூன்றாம் தரப்புக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு அந்த நிதிக்குப் போகிறது. கும்பனி நியாயமின்றி மறுத்தால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கோ, காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கோ எழுதலாம். எழுதத் தெரியாதவர் மன்றத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

கடைசியாகச் சிவராத்திரி. ஒவ்வொரு முறையும் இரண்டு ட்ரக்டர் பெட்டிகளில் பாய் விரித்து, கிழவர் முதல் கைக்குழந்தை வரை ஏற்றி, பாலாவியில் நீராடித் தரிசனம் செய்து விடியற்காலை திரும்புகிறோம். ட்ரக்டர்காரர் போன வருடம் கேட்டாரே, "பெட்டியில் இருக்கும் சனத்துக்கு என்னுடைய இன்சூரன்ஸ் செல்லுமா?" என்று, அவர்தான் இந்த ஊரில் சரியான கேள்வியைக் கேட்டவர். ட்ரக்டரின் ஒப்பந்தம் விவசாயப் பாவனைக்கு எழுதப்படுவது. ஆட்களை, அதுவும் கூலிக்கு, ஏற்றுவது அந்தப் பாவனைக்குள் அடங்காது. பெட்டி தனியே ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். தேருக்குப் பூசை செய்வதுபோல் ட்ரக்டருக்கும் சந்தனம் பூசி, சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்படுகிறோம். அது வேண்டாமென்று சொல்ல மாட்டோம், எம் ஆச்சி இங்கேயே இருக்கிறா. ஆனால் கடற்கட்டியின் கதையை அவவுக்கும் சொல்லியிருக்கிறோம்.

பஸ் பிடித்தால் செலவு கூடும் என்று பொருளாளர் சொல்வார். கூடும். கணக்கைப் பார்த்தோம். பிரயாணிகளை ஏற்ற உரிமையுள்ள ஒரு பஸ் பிடிக்க, தலைக்கு ட்ரக்டரைவிட ஒன்றரை மடங்கு வரும். கைக்குழந்தைகளுக்கும் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மன்றம் கொடுத்தால் மற்றவர்கள் தாங்கக்கூடிய தொகையே. இதை இன்றே தீர்மானிக்க வேண்டுமென்று சபையைக் கேட்டுக்கொள்கிறோம். பஸ்காரரிடம் அச்சாரம் கொடுக்குமுன் அவரின் காப்புறுதிச் சான்றிதழைக் கையில் வாங்கி, முடிவுத் திகதி சிவராத்திரிக்குப் பிந்தியதா என்று பார்க்கும் வேலையை எம்மிடம் விடுங்கள். வருகிற ஞாயிறு பின்னேரம் வாசிகசாலையில் இருப்போம். உங்கள் பத்திரங்களையும் கொண்டு வாருங்கள். சேர்ந்திருந்து வாசிப்போம். கேள்வி உள்ளவர்கள் இப்போது கேட்கலாம்.